தூக்கினால் நிற்காத மோட்டார்

ஜனவரி 21, செவ்வாய்

தண்ணீர் மூன்று டம்ளர். காலை எடை 48. ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்த பிறகு 46.

இந்த நோட்டை நர்ஸம்மா இன்று கொடுத்தார். பிரகாசி எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள், எடை எவ்வளவு, மூச்சு வாங்குகிறதா, இதைத் தினமும் எழுத வேண்டும். வீட்டுக்காரர்தான் எழுத வேண்டும், நோயாளி எழுதினால் குறைத்து எழுதிவிடுவார் என்றார். பிரகாசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். அவள் எட்டாவது வரை போனவள். நான் பள்ளிக்கூடம் இருந்த பக்கம் மீன் கூடையோடு போனதோடு சரி. கல்யாணமாகி ஒரு மழைக்காலம் முழுக்கக் கடலுக்குப் போகமுடியாமல் வீட்டில் கிடந்தபோது அவள் அடுப்புக்கரியால் தரையில் எழுதிக் காட்டினாள். அந்த மழை நின்றிருந்தால் நான் ‘ஞ’ வரை வந்திருக்க மாட்டேன்.

எழுத உட்கார்ந்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. நர்ஸம்மா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆறு மாதமாகப் பார்க்கிறேன், இன்னும் அந்த மெஷினைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஒரு ஆளின் ரத்தம் முழுக்கக் குழாய் வழியாக வெளியே வந்து, சுற்றிவிட்டு, வீட்டுக்குத் திரும்புவதுபோல அந்த உடம்புக்குள்ளேயே போகிறது. நாலு மணி நேரம். அதைக் கையில் மாட்டிக்கொண்டு இவள் பக்கத்துக் கட்டில்காரியோடு புளிக்குழம்பு பற்றிப் பேசுகிறாள்.

நேற்று செபஸ்தியார் திருநாள். அதற்காக ஊர்ப் படகுக்குப் பெயிண்ட் அடித்தோம். முன்பக்கம் என் மச்சினன் தொம்மை, பின்பக்கம் நான். நங்கூரம்வரைக்கும் நீலம். இந்தப் படகு ஒரு அறக்கட்டளை கொடுத்தது. எங்கள் திட்டில் அறுபது வீடு, கரைக்குப் போக இது ஒன்றுதான். ஒரு வாரம் நான் ஓட்டுவேன், ஒரு வாரம் தொம்மை. பின்னால் மாட்டியிருக்கிற மோட்டார் நூற்றுப் பத்துக் கிலோ. அதைக் கையால் தூக்க வேண்டியதில்லை. கைப்பிடியில் ஒரு பொத்தான். கட்டைவிரலால் மேல்பக்கம் அமுக்கினால் ‘கிர்ர்’ என்று தானே எழுந்திருக்கும், கீழ்ப்பக்கம் அமுக்கினால் இறங்கும்.

அது எழுந்திருக்கத்தான் வேண்டும். வழியில் வெள்ளைமேடு இருக்கிறது. அரை மைல் நீளத்துக்கு மணல். கடல் உள்வாங்குகிற வற்றுநேரத்தில் இடுப்புத் தண்ணீர்தான் இருக்கும். தெற்கே பாறை, வடக்கே திரை உடைகிற இடம், சுற்றிப்போக வழியில்லை. மோட்டாரைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு மெதுவாக அதன்மேல் ஊர்ந்துபோக வேண்டும்.

இன்று தூக்கினேன். எழுந்தது. பாதி மேட்டில் தானாக இறங்கிவிட்டது. அடியில் சுற்றுகிற விசிறி மணலை உழுதது. மறுபடி தூக்கினேன், மறுபடி இறங்கியது. தூக்கம் வருகிறவன் தலைமாதிரி. இப்படியே எட்டுத் தடவை தூக்கித்தான் கரைக்குப் போனோம்.

ஜனவரி 22, புதன்

தண்ணீர் மூன்று. எடை 46 ½.

பேட்டரி முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். வயர்களை இழுத்துப் பார்த்தேன். தொம்மை வந்து நின்று பார்த்துவிட்டு, கிர்ர் என்று சத்தம் வருகிறதே, அப்படியானால் கரண்ட் போகிறது, வயரை ஏன் குடைகிறீர்கள் என்றான். அவன் சொன்னதால் இன்னும் ஒரு மணி நேரம் வயரையே பார்த்தேன்.

துணியால் அடிப்பக்கம் துடைத்தபோது எண்ணெயும் கொஞ்சம் நீலமும் வந்தது. புதுப் பெயிண்ட், வரத்தான் செய்யும்.

ஜனவரி 23, வியாழன்

தண்ணீர் மூன்று. எடை 47.

கண்டுபிடித்துவிட்டேன்.

மோட்டாரைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தின் பக்கத்தில் ஒரு ஓட்டை. உள்ளே பெரிய திருகாணி. பேட்டரி செத்துப்போனால் அதைத் தளர்த்திவிட்டு மோட்டாரைக் கையால் தூக்கலாம். திரும்ப இறுக்காவிட்டால் தூக்குகிற எண்ணெய் உள்ளேயே வழிவிட்டு மோட்டார் கீழே வந்துவிடும். அது கால் சுற்று தளர்ந்திருந்தது.

தொம்மையிடம் கேட்டேன். திருநாளுக்கு முந்தின நாள் படகில் சீரியல் லைட் போட்டு பேட்டரி இறங்கிவிட்டதாம், அதனால் தளர்த்தினானாம். “இறுக்கிட்டேன் மச்சான். இந்தக் கையாலதான் இறுக்கினேன்” என்றான். எந்தக் கையால் இறுக்கினாலும் தளர்ந்திருந்தது தளர்ந்திருந்ததுதான். நான் இறுக்கினேன். தூக்கினேன். நான் சுருட்டு பற்றவைத்து முடிக்கும்வரை நின்றது.

ஊர்க் கமிட்டித் தலைவர் விசாரித்தார். நான் பொய் சொல்லவில்லை, கண்டதைச் சொன்னேன். அவனிடம் இருந்த படகுச் சாவியையும் வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டார்கள். இனி எல்லா வாரமும் நான்தான். பிரகாசி அவனைத் தூக்கி வளர்த்தவள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பொறுக்கினாள்.

ஜனவரி 24, வெள்ளி

தண்ணீர் மூன்று. காலை எடை 48. திரும்பும்போது 47.

மோட்டார் ஓடும்போது பின்னால் ஒரு சின்னத் தண்ணீர்த் தாரை வரும், சிறுபிள்ளை ஒன்றுக்குப் போவதுமாதிரி. அது வந்தால் மோட்டார் குளிர்ச்சியாக இருக்கிறது என்று அர்த்தம். இன்று மேட்டில் மோட்டார் மறுபடி இறங்கி, மணலை உறிஞ்சி, தாரை நின்றுபோய், மோட்டார் ‘பீ’ என்று கத்த ஆரம்பித்தது. நிறுத்திவிட்டேன். தண்ணீர் ஏறும்வரை மூன்று மணி நேரம் நடுக்கடலில் உட்கார்ந்திருந்தோம். பிரகாசி குடையைப் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் இவ்வளவு தண்ணீர், எனக்குத்தான் மூன்று டம்ளர் என்றாள்.

ஆஸ்பத்திரியில் எங்கள் நேரம் பாதி போய்விட்டது. அடுத்த ஆள் காத்திருந்தார். இரண்டு மணி நேரம்தான் ஓட்டினார்கள். மீதித் தண்ணீர் அவள் உடம்பிலேயே தங்கிவிட்டது. செவ்வாய் எப்படியாவது நேரத்துக்கு வந்துவிட வேண்டும், இன்னொரு தடவை இப்படி ஆனால் தண்ணீர் நெஞ்சில் ஏறிவிடும் என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார்.

ஊரில் வேறு படகு இருந்தால் கேட்டிருப்பேன். திருநாள் முடிந்ததும் தொழிலுக்குப் போகிற ஆம்பளைகள் எல்லோரும் வள்ளங்களோடு வடக்கே தங்கல் தொழிலுக்குப் போய்விட்டார்கள். ஒரு மாதம் அங்கேயே தங்கி மீன் பிடிப்பார்கள். தொம்மையும் போக மூட்டை கட்டினான், ஆனால் போகவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 25, சனி

தண்ணீர் மூன்று. எடை 48 ½.

எண்ணெய் குறைந்திருக்குமோ என்று பார்த்தேன். மோட்டார் கீழே இறங்கியிருந்தது. அப்படியே எண்ணெய் மூடியைத் திருகினேன். சிவப்பு எண்ணெய் என் முகத்தில் பீய்ச்சி அடித்தது. மூக்கு, மீசை, வாய் எல்லாம். நிரம்பி வழிகிறது, குறைவில்லை என்று மூடிவிட்டேன். வீட்டு வாசலில் பிரகாசி என்னைப் பார்த்து ரத்தம் என்று நினைத்துப் பயந்து, எண்ணெய் என்று தெரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டாள்.

ஜனவரி 26, ஞாயிறு

தண்ணீர் மூன்று. எடை 50.

அவள் இடது கையில், முழங்கைக்குக் கீழே, ஒரு ரத்தக்குழாயை இன்னொன்றோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், ஊசி போட வசதியாக. அதன்மேல் விரல் வைத்தால் உள்ளே அதிரும். தினமும் காலையில் தொட்டுப்பார்க்க வேண்டும், அதிர்வு நின்றால் உடனே ஓடிவர வேண்டும் என்பது கட்டளை. இன்று நான் விரல் வைக்காமல் காதை வைத்தேன். தூரத்தில் ஒரு மோட்டார் ஓடுகிறமாதிரி இருந்தது. பெட்ரோல் இல்லை, பேட்டரி இல்லை, நாற்பத்தொன்பது வருஷமாக ஒரு நாளும் நிறுத்தாமல் ஓடுகிறது. தலையைத் தூக்க மனமே வரவில்லை. “போதும், காது வியர்க்குது” என்று தள்ளிவிட்டாள்.

கால் வீங்கியிருக்கிறது. கொலுசைக் கழற்றிவிட்டோம்.

ஜனவரி 27, திங்கள்

தண்ணீர் மூன்று என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். எடை 51.

ஜனவரி 28, செவ்வாய்

கடல்பாசி எடுக்கப் போகிற சிலுவம்மா விடியற்காலையில் வந்து கதவைத் தட்டினாள். மோட்டார் தாங்காவிட்டால் என்ன, அதை முழுக்க மேலே தூக்கிப் பூட்டிவிட்டு நாங்கள் தள்ளுகிறோம் என்றாள். மோட்டாரை உச்சிவரைக்கும் தூக்கினால் அதைத் தாங்க ஒரு கொக்கி இருக்கிறது. கொக்கி போட்டால் இறங்காது. ஆனால் விசிறி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், ஓட்ட முடியாது.

பத்தொன்பது பெண்கள் படகில் ஏறினார்கள். மேடு வந்ததும் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். இடுப்புத் தண்ணீர், வாடைக்காற்று, பல் கிட்டுகிற குளிர். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்துக்கு ஒன்பது பேர், முன்னால் சிலுவம்மா. எங்கே குழி, எங்கே கல், எங்கே கடல் முள்ளெலி கிடக்கிறது என்று அவள் காலுக்குத் தெரியும். இருபத்தைந்து வருஷமாக அந்தத் தரையைக் காலால் படித்தவள். அவள் “வலம்” என்றால் படகு வலப்பக்கம் போயிற்று. முப்பத்தெட்டுக் கால்கள் தண்ணீருக்குள் நடந்தன, மேலே படகு ஒரு குலுக்கல் இல்லாமல் போயிற்று. நடுவில் பிரகாசி, போர்வையைப் போர்த்திக்கொண்டு, மாதா சப்பரத்தில் வருகிறமாதிரி. நான் கம்பு ஊன்றிக்கொண்டு நின்றேன். என் கை சும்மாதான் இருந்தது. ஒரு மோட்டாருக்கு எத்தனை குதிரைச் சக்தி என்று எழுதி ஒட்டுகிறார்கள். இதற்கு எதை எழுதி ஒட்டுவது?

பின்பக்கம் திரும்பிப் பார்த்தபோது இருபதாவதாக ஒரு ஆள் தள்ளிக்கொண்டிருந்தான். தொம்மை. மேட்டுக்கு முன்னால் நாங்கள் போட்டிருக்கிற அடையாளக் கம்புவரை தெப்பத்தில் வந்து காத்திருந்து, எங்களைக் கண்டதும் குதித்துச் சேர்ந்திருக்கிறான். என்னோடு பேசவில்லை.

பெண்களை மேட்டின் ஓரத்தில் பாசி எடுக்க விட்டுவிட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆக்ஸிஜன் வைத்தார்கள். நாலு மணி நேரம் முழுசாக ஓட்டினார்கள். எடை 47 ½. மூச்சு சீராகிவிட்டது.

தண்ணீர் எவ்வளவு என்று இன்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 29, புதன்

தண்ணீர் மூன்று, நான் பார்த்தேன். எடை 48.

நேற்றே கரையிலிருந்து மெக்கானிக் சாகுல் பாயைக் கூட்டி வந்தோம். இன்று பார்த்தார். அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். முதலில் மோட்டாரை உச்சிவரை தூக்கிக் கொக்கி போட்டார். அப்புறம்தான் எண்ணெய் மூடியைத் திறந்தார். ஒன்றும் பீய்ச்சவில்லை. மோட்டார் மேலே இருக்கும்போதுதான் எண்ணெய் அளவு சரியாகத் தெரியுமாம். கீழே இருக்கும்போது திறந்தால் காலியானதும் நிறைந்ததுமாதிரி காட்டுமாம். உள்ளே பாதிதான் இருந்தது. அதுவும் சிவப்பாக இல்லை, மோர்மாதிரி வெளுத்திருந்தது. கடல் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

மொத்தமே மூன்று டம்ளர் எண்ணெய்தான் என்றார். ஒரு சின்னப் பம்பு அந்த மூன்று டம்ளரை ஒரு தடித்த கம்பிக்குக் கீழே தள்ளுகிறது, கம்பி மேலே எழுந்து மோட்டாரைத் தூக்குகிறது. அவ்வளவுதான். நூற்றுப் பத்துக் கிலோவை ஏந்துவது எண்ணெய். அதை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போயிற்று, ஒன்றுமே இல்லாததுமாதிரி.

அப்புறம் அந்தக் கம்பியைத் துணியால் துடைத்தார். துணி நீலமாயிற்று. நகத்தால் சுரண்டினார். செதில் செதிலாக வந்தது.

“அண்ணே, இதுக்கு யாரு பெயிண்ட் அடிச்சது?”

திருநாளுக்கு நாங்கள் இரும்பு எதையும் விடமாட்டோம், துருப்பிடிக்கும் என்றேன்.

“இது துருப்பிடிக்காது. கண்ணாடி மாதிரி வெறுமனே இருக்கணும். இது உள்ள போயி வெளிய வரும்போது, வழிச்சு விடத்தான் வாயில ரப்பர் வளையம் இருக்கு. பெயிண்ட்டு அந்த ரப்பர அறுத்துருச்சு. எண்ணெ வெளிய, தண்ணி உள்ள.”

அந்தத் திருகாணி என்று கேட்டேன். கால் சுற்றெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, அதனால் இப்படி ஆகாது என்றார்.

ரப்பர் வளையம் தூத்துக்குடியிலிருந்து வர வேண்டும். திங்கள்கிழமை மாட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பின்பக்கம் பெயிண்ட் அடித்தது நான்தான் என்பதை முன்பே எழுதியிருக்கிறேன். டப்பாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்தக் கம்பி பளபளவென்று அம்மணமாக நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இரண்டு கோட் அடித்தேன்.

தொம்மையிடம் சொல்ல வேண்டும். சாயங்காலம் போனேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். வேலை நேரத்தில் தொந்தரவு வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

ஜனவரி 30, வியாழன்

தண்ணீர் மூன்று. எடை 48 ½. இன்றும் சொல்லவில்லை. காற்று அதிகம்.

ஜனவரி 31, வெள்ளி

தண்ணீர் இரண்டரை. காலை எடை 49. திரும்பும்போது 46 ½.

மறுபடி பெண்கள் தள்ளினார்கள். தொம்மையும் தள்ளினான். இன்று கடல் கண்ணாடியாகக் கிடந்தது. பெண்கள் நடக்க நடக்க மணல் சின்னச் சின்ன மேகமாக எழுந்து அடங்கியது.

பாதி மேட்டில் சிலுவம்மா திரும்பித் தொம்மையைப் பார்த்தாள். “ஏலே, ஒரு திருகாணிய இறுக்க ஒனக்குக் கை வலிச்சுது. இப்பப் பாரு, இருபது பேரு தள்ளுதோம்” என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு அவன்மேல் கோபம் எதுவும் இல்லை, குளிருக்குப் பேசினாள். தொம்மை தலையைக் குனிந்துகொண்டு தள்ளினான். பிரகாசி படகுக்குள் உட்கார்ந்து தன் தம்பியின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கம்பைப் படகில் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன். குளிர் நெஞ்சில் அடித்தது. தொம்மைக்குப் பக்கத்தில் போய்க் கைவைத்தேன். எல்லோருக்கும் கேட்கிறமாதிரிதான் சொன்னேன்.

“திருகாணி இல்ல. கம்பிக்கு நான் பெயிண்ட் அடிச்சேன். அதுதான் ரப்பர அறுத்துட்டு. இவன்மேல குத்தமில்ல. பாய் சொல்லி ரெண்டு நாளாச்சு, நாந்தான் வாயத் தொறக்கல.”

யாரும் தள்ளவில்லை. படகு தானாகக் கொஞ்ச தூரம் போய் நின்றது. எனக்குத் தண்ணீருக்குள்ளேயே போய்விடலாம்போல இருந்தது. இடுப்புவரைதான் இருந்தது.

தொம்மை என்னைப் பார்த்தான். எட்டு நாளைக்குப் பிறகு என்னோடு பேசினான்.

“கம்பிக்கு மட்டுந்தானா மச்சான்? பெட்ரோல்லயும் ஊத்தினியளா?”

சிலுவம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அப்புறம் எல்லோரும். இருபது பேர் சிரிக்கும்போது தண்ணீரே நடுங்குகிறது. எனக்குச் சிரிக்க வரவில்லை, கண்ணில் உப்பு.

மேட்டைத் தாண்டி மோட்டாரை இறக்கி ஓட ஆரம்பித்த பிறகு, பிரகாசி முன்னாலிருந்து எழுந்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் ஈர முதுகில் அவள் போர்வையைப் போட்டாள்.

“புதன்கிழமையே படிச்சிட்டேன். தெனமும் படிக்கேன். நீங்களாச் சொல்லுவியளான்னு பாத்துக்கிட்டிருந்தேன்.”

இந்த நோட்டை நான் பானைக்குப் பின்னால்தான் வைக்கிறேன். தண்ணீர்ப் பானைக்குப் பின்னால். அவள் எப்படி அங்கே கைவிட்டாள் என்று யோசித்தேன். யோசித்ததும் தெரிந்தது. அவளும் அதைத் தெரிந்துகொண்டு, கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். “ஞாயித்துக்கிழம அஞ்சு டம்ளர், திங்கக்கிழம ஆறு” என்றாள். “தம்பியோட மொகத்தப் பாக்க முடியல. குடிச்சுக்கிட்டே இருந்தேன்.”

மோட்டார் பின்னால் தாரை விட்டுக்கொண்டு ஓடியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நர்ஸம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்தார். தண்ணீர்க் கணக்கு கேட்டால் கப்பல் கதை எழுதியிருக்கிறீர்களே என்றார். ஆனால் உட்கார்ந்து கடைசிவரை படித்தார். ஞாயிறு, திங்கள் கணக்கை பிரகாசி அவரிடம் வாயால் திருத்திச் சொன்னாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

தண்ணீர் நேற்றும் இன்றும் மூன்று, இருவரும் சேர்ந்து அளந்தோம். எடை 47 ½.

பூசை முடிந்து கோயில் வாசலில் கமிட்டி முன்னால் சொன்னேன். சாவியைத் தொம்மையிடம் கொடுத்தேன். இந்த வாரமும் அடுத்த வாரமும் அவனே ஓட்டட்டும் என்று தீர்ப்பு. நியாயம்தான்.

பிப்ரவரி 3, திங்கள்

தண்ணீர் மூன்று. எடை 48.

பாய் கம்பியைக் கழற்றி, தின்னர் நனைத்த துணியால் பெயிண்டை எடுத்து, புது ரப்பர் மாட்டினார். பழைய எண்ணெயை முழுக்க வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினார். உடனே தூக்கினால் உள்ளே மாட்டிய காற்று எண்ணெயைக் குழப்புமாம். மேலே, கீழே என்று ஐந்து தடவை விட்டு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஊற்றினார். முதல் தடவை திக்கித் திக்கி எழுந்தது. ஐந்தாவது தடவை எந்தச் சிரமமும் இல்லாமல் எழுந்தது. தொம்மை தட்டிப்பார்த்தான், தொங்கிப் பார்த்தான், அசையவில்லை. இன்று முழுக்க மேலேயே விட்டுவைத்தோம். மத்தியானம் போய்ப் பார்த்தேன், நின்றது. சாயங்காலம் போய்ப் பார்த்தேன், நின்றது.

பிப்ரவரி 4, செவ்வாய்

தண்ணீர் மூன்று. காலை எடை 48 ½. திரும்பும்போது 46.

தொம்மை ஓட்டினான். நான் பின்னால் கம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிரகாசி அவன் பக்கத்தில். சரியான வற்றுநேரம். மேடு தெரிந்ததும் தொம்மை வேகத்தைக் குறைத்தான்.

பிரகாசி, “தம்பி, அத நான் அமுக்கட்டுமா?” என்று கேட்டாள்.

அவன் நகர்ந்து இடம் கொடுத்தான். வலது கையில் சேலை முந்தியைப் பிடித்திருந்தாள், காற்று. அதனால் இடது கையை நீட்டினாள். ரத்தக்குழாய் தைத்த அந்தக் கையால் அவள் எதையும் தூக்கக் கூடாது. ஒரு குடம் கூடாது, பிள்ளை கூடாது, அரிசிப் பைகூடக் கூடாது. ஆறு மாதமாக அந்தக் கை மடியிலேயே கிடக்கிறது.

கட்டைவிரலால் அமுக்கினாள்.

கிர்ர் என்றது. கடலுக்குள்ளிருந்து மோட்டார் எழுந்தது. தண்ணீர் அதன் தோள்களிலிருந்து வழிந்தது. கம்பி நீண்டுகொண்டே வந்தது, அம்மணமாக, பளபளவென்று. அதில் வானம் தெரிந்தது, மூன்று பேரும் தெரிந்தோம். “போதும் யக்கா” என்றான் தொம்மை. விரலை எடுத்தாள். மோட்டார் பாதியில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

கையை விட்டால் தொட்டுவிடலாம்போல மணல் அடியில் ஓடியது. ஆழம் வந்து தண்ணீர் கறுத்ததும் தொம்மை தலையை ஆட்டினான். அவள் முந்தியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் நூற்றுப் பத்துக் கிலோவையும் கடலுக்குள் இறக்கி வைத்தாள்.